பின் சில்லின் காற்று

அந்த மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அதன் பின் டயர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. ஐரோப்பாவிலிருந்து தரை வழியாகப் புறப்பட்டு, எத்தனையோ நாடுகளைக் கடந்து, இராமேஸ்வரத்தில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய ஒரு ஜெர்மன்காரன் அதைப் பொத்துவில்வரை ஓட்டி வந்திருந்தான். அறுகம்பையில் அலைமேல் பலகை போட்டு விளையாடிக் களைத்த பிறகு அவனுக்கு வந்த வழியே திரும்ப மனமில்லை. விமானத்தில் போக முடிவெடுத்து, சைக்கிளை என் மாமாவிடம், அதாவது என் மனைவியின் வாப்பாவிடம், விற்றுவிட்டான்.

மாமா கருவாட்டு வியாபாரி. அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. வாங்கியது எனக்காக. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குப் போய் இருப்பதுதான் வழக்கம். கல்முனையில் பிறந்த நான் பொத்துவிலுக்கு மாப்பிள்ளையாகப் போய், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் வாப்பா மாட்டு வண்டிலில் நெல் ஏற்றியவர், கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுத்தில் இருப்பது எதுவானாலும் அதை அப்படியே நம்பிவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. டயரின் விலாவில் இவ்வளவு பாரத்துக்கு இவ்வளவு காற்று என்று இங்கிலீசில் அச்சாகியிருந்தது. அதை நான் வாசித்துக் காட்டியதும் மாமா கடைத்தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

"எங்கட மருமகன் புத்தகம் மட்டுமில்ல, டயரையும் வாசிக்கிறார்."

என் பயத்துக்குக் காரணம் சைக்கிள் அல்ல, அதன் பின்னால் உட்கார்ந்து வருபவள். என் மனைவிக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்திருந்தன. மூன்றாவது தங்கியபோது கல்முனை ஆசுபத்திரியின் டாக்டர், தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் போகலாமே என்று கேட்பீர்கள். முதல் தடவை பஸ்ஸில் போய் வந்த மறுநாள்தான் முதல் பிள்ளை கலைந்தது. அதற்கும் பஸ்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார் டாக்டர். மாமி, அதாவது என் மனைவியின் உம்மா, நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் முழுதாக நம்பவில்லை.

ஆகவே மோட்டார் சைக்கிள். பொத்துவிலிலிருந்து கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர் என்று கடலை ஒட்டியே வடக்கே ஓடும் பாதை. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்துப் போட்ட தெரு அப்போது இன்னும் முழுதாகச் சீராகவில்லை.

புது டயரின் தரையில் ஓடும் முகம் முட்டையின் முதுகுபோல் வளைந்திருக்கும். சைக்கிளைச் சாய்த்தால் அந்த வளைவின்மேல் அது தானாக உருண்டு கொடுக்கும். ஆனால் நேர்த் தெருவில் ஆயிரக்கணக்கான மைல் ஓடிய டயரின் நடு தேய்ந்து தட்டையாகிவிடும். ஜெர்மன்காரன் பாலைவனங்களில் நேரே ஓட்டி வந்தான். நான் கடற்கரைத் தெருவில் நேரே ஓட்டினேன். அவன் தொடங்கிய வேலையை நான் முடித்துக்கொண்டிருந்தேன். நேரே போகும்வரை ஒரு குறையும் தெரியாது. தெரு வளையும் முடக்கு வந்து சைக்கிளைச் சாய்க்கும்போது முதலில் மாட்டேன் என்று முறைக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மேசை விளிம்பிலிருந்து சாமான் விழுவதுபோல் ஒரேயடியாகச் சாய்ந்துவிடும். தார் உடைந்த ஓரங்களில் சக்கரம், நாங்கள் சொல்வதுபோல் சில்லு, தன் பாட்டுக்கு விளிம்பைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். முன் டயரின் ரப்பர்க் கட்டைகளோ ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் சரிவாகவும் தேய்ந்து, வேகம் கூடினால் ஊளையிடத் தொடங்கிவிடும்.

வேறொன்றையும் நானே கண்டுபிடித்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரையும்போல அவளும் இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு ஒருக்களித்துத்தான் உட்காருவாள். அந்தப் பாரத்தைச் சரிக்கட்ட நான் என்னை அறியாமல் சைக்கிளை எப்போதும் வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்தே ஓட்டியிருக்கிறேன். தட்டையின் வலது விளிம்பு இடதைவிட மெலிந்து போயிருந்தது. அவள் உட்கார்ந்த விதம் டயரில் பதிந்திருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து, அவள் எங்கே உட்காருகிறாள் என்பதல்ல, எதன் மேல் உட்காருகிறாள் என்பதுதான் என் நினைப்பு.

"நீங்க டயரைப் பாக்கிற பார்வையில பாதியாச்சும் என்னைப் பாத்திரிந்தா நான் எப்பயோ கொழுத்திரிப்பன்" என்பாள் அவள்.

புதிது வாங்கக் கல்முனையில் எல்லாக் கடையும் ஏறி இறங்கினேன். ஒரு டயர்க் கடைக்காரர் நான் எழுதிக்கொண்டு போன அளவைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இதென்ன சைஸ் மாஸ்டர்? ட்ரக்டருக்கும் இல்ல, மோட்டார் சைக்கிளுக்கும் இல்ல."

"கொழும்பில கிடைக்குமா?"

"கொழும்பிலயா? ஜெர்மனிக்குப் போற ஆராச்சும் இரிந்தாச் சொல்லி விடுங்க. திரும்பி வரக்குள்ள கழுத்தில மாலை மாதிரிப் போட்டுட்டு வரட்டும்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன்.

டயர் கிடைக்காத நிலையில் என் கையில் மிச்சம் இருந்தது காற்று மட்டும்தான். காற்றுச் சரியாக இருந்தால் தேய்ந்த டயரும் சொல்லுக் கேட்கும். குறைந்தால் டயரின் விலா ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து நிமிரும், சூடேறும், வெடிக்கும். ஆனால் காற்றின் விஷயத்தில்தான் மாமி குறுக்கே வந்தார்.

மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. அது கோபம் இல்லை, மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை. எனக்குச் சொல்ல வேண்டியதை அறைக்கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். எனக்கு அது நன்றாகக் கேட்கும். ஆனாலும் மகள் வந்து எனக்குச் சொல்ல வேண்டும். என் பதிலும் அதே வழியில் திரும்பிப் போக வேண்டும்.

பொத்துவில் கடற்கரையில் மீன் ஏற்றப் போகிறவர்கள் மணலில் சில்லு புதையாமல் இருக்க டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டுத்தான் இறங்குவார்கள். இறக்கினால் சைக்கிள் மெத்தைமேல் போவதுபோல் போகும். மாமாவின் ஆட்களிடம் இதைக் கேட்டறிந்த மாமி, ஏழாம் மாதத்தில் ஆசுபத்திரிக்குப் புறப்பட்ட ஒரு காலையில் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"உங்கட மாப்பிள்ளையிட்டச் சொல்லுகா, பின் சில்லுக் காத்தைப் பாதி இறக்கட்டாம். கல்லுமாதிரி இரிக்கி. புள்ளைக்கு அடிபடும்."

"கேட்டிச்சா?" என்றாள் மனைவி என்னிடம்.

"காத்து இறங்கினா டயர் சூடாகும், விலா வெடிக்கும், முடக்கில சறுக்கும் எண்டு சொல்லு. டயரிலயே எழுதியிரிக்கி."

மனைவி கதவுப் பக்கம் திரும்பினாள். "டயர் சூடாகுமாம்."

"வயித்துப் புள்ளைய விடவா டயர் பெரிசி? புள்ளத்தாச்சியை ஏத்துறதுக்கு எவ்வளவு காத்தெண்டு டயரில எழுதியிரிக்கா எண்டு கேளு."

எழுதியிருக்கவில்லை. நான் சொன்ன மூன்று ஆபத்தில் ஒன்றுதான் கதவைத் தாண்டிப் போனது. மிச்சம் இரண்டையும் நானே போய்ச் சொல்ல வழக்கம் இடம் தரவில்லை. மாமா பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதி வாங்கிய தண்ணீரைக் கொண்டுவந்து இரண்டு சில்லுக்கும் தெளித்தார். பிறகு அவரே குனிந்து, மூடியைக் கழற்றி, பின் சில்லின் காற்றை இறக்கினார். அது சீறிக்கொண்டு போனது. எனக்கு என் மூச்சுப் போவதுபோல் இருந்தது.

"இப்ப எப்பிடி மகள்?" என்றார் ஏறி உட்கார்ந்தவளிடம்.

"தொட்டில் மாதிரி இரிக்கி வாப்பா."

உண்மையில் தொட்டில் மாதிரித்தான் இருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. கோமாரி வரும்வரை சைக்கிளின் பின்புறம் இடமும் வலமுமாக மெதுவாக ஆடிக்கொண்டே வந்தது. வேகத்தைக் குறைத்தால் ஆட்டம் குறைந்தது. ஆனால் ஆசுபத்திரி நேரம் தவறிவிடும் போலிருந்தது. திருக்கோவிலில் நிறுத்தி டயரைத் தொட்டேன். கையை உடனே எடுத்தேன்.

"என்னவாம் உங்கட பொண்டாட்டி?" என்றாள் அவள் டயரைக் காட்டி.

"காய்ச்சல் அடிக்குது."

"அப்ப ரெண்டு பேரையும் ஆசுபத்திரியில காட்டிட்டு வருவம்."

அக்கரைப்பற்றில் காற்றடித்துக்கொள்வோமா என்று கேட்டேன். அவள் யோசித்தாள். "உம்மா கேட்டா நான் பொய் சொல்லேலாது. ஆசுபத்திரி இனித் தூரமில்லத்தானே, போவம்" என்றாள். சரி என்று விட்டேன்.

அட்டாளைச்சேனை தாண்டி வயல்கள் தொடங்கும் இடத்தில் தெரு இடப்பக்கமாகத் திரும்பும். பெரும்போக அறுவடை முடிந்த நேரம். களத்தில் இடம் போதாதவர்கள் நெல்லைத் தார் வீதியிலேயே பாதி அகலத்துக்குப் பரப்பிக் காயவைப்பார்கள். வெயிலுக்குத் தார் நன்றாகச் சுடும், நெல் சுறுக்காகக் காயும். எங்கள் பக்கத்து வாகனக்காரர்கள் எல்லோரும் மறு பாதியால் ஒதுங்கிப் போவார்கள், ஒருவரும் குறை சொல்வதில்லை. நல்ல டயருக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று முடக்குக்குள்ளேயே நெல் கிடந்தது. எதிரே மூட்டை ஏற்றிய மாட்டு வண்டில் வந்தது.

ஒதுங்குவதற்காகச் சைக்கிளைச் சாய்த்தேன். முதலில் முறைத்தது. இன்னும் அழுத்தினேன். விளிம்பு தாண்டிச் சட்டென்று விழுந்தது. காற்றில்லாத பின் சில்லு பக்கவாட்டில் மடிந்து, நேரே நெல்லுக்குள் போய் ஏறியது.

"நெல்லுக்குள்ள உட்டிடாத மனே!" என்று காவலுக்கு இருந்த பெண் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

நெல்மணிகள் டயருக்குக் கீழே உருண்டன. பிடிப்பதற்கு டயரில் ஒரு பள்ளமும் இல்லை. பின்புறம் முன்னால் வரப் பார்த்தது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி இழுபட்டேன். சைக்கிள் நின்றது. நான் விழவில்லை. திரும்பிப் பார்த்தபோது பின்னால் அவள் இல்லை.

ஒருக்களித்து உட்கார்ந்திருந்ததால் அவள் குதித்துவிட்டாள். குவித்து வைத்திருந்த நெல்லின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முக்காடு கழன்று தலைமுடி முழுக்க நெல். இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்திருந்தாள். அழவில்லை.

"அடிபட்டிச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"அசையுதில்ல."

கம்போடு வந்த பெண் கம்பைப் போட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டாள். "எப்பயிருந்து புள்ள?"

"காலம்பற அசைஞ்சது. இப்ப அசையுதில்ல."

நெல் ஏற்ற வந்த சிறிய லொறி ஒன்று அங்கே நின்றது. அதன் முன் ஆசனத்தில் சாரதிக்குப் பக்கத்தில் அவளை ஏற்றினார்கள். கம்போடு வந்த பெண்ணும் யாரையும் கேட்காமல் கூடவே ஏறிக்கொண்டாள். நெல்லைப் பார்க்க ஆளில்லையே என்று யாரோ சொல்ல, "காகம் தின்னட்டும்" என்றாள். நான் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. லொறியின் பின்பலகை மட்டும் தெரிந்தது. சறுக்குமோ, வெடிக்குமோ என்ற பயம் அப்போது இல்லை. அதைவிடப் பெரிய பயம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. டயர் இருந்தால் என்ன, போனால் என்ன என்றிருந்தது.

ஆசுபத்திரியில் டாக்டர் மரக்குழலை அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அவருடைய செருப்பு நகரும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ஓதலும் முழுதாக வாயில் வரவில்லை. பாதி ஸலவாத்தில் நின்று நின்று மறுபடி தொடங்கினேன்.

"இருக்குது" என்றார் டாக்டர். "நல்லா அடிக்குது. நித்திரை போல."

திரைக்குப் பின்னால் நெல்லுக்காரப் பெண்தான் முதலில் அழுதாள்.

ஆனால் பேறுவரைக்கும் இனிப் பயணமே கூடாது என்றார் டாக்டர். அவள் கல்முனையில் என் உம்மா வீட்டிலேயே இருக்க வேண்டும். பொத்துவிலில் அந்த வீட்டுப் பெண்கள் யாரும் தாய் வீட்டுக்கு வெளியே பிள்ளை பெற்றதில்லை. இதை மாமியிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான்.

புறப்படும்போது மனைவி என்னைக் கிட்ட அழைத்தாள்.

"உம்மாட்டக் காத்துக் கதை கதைக்காதீங்க."

"பின்ன எதால சறுக்கினதெண்டு சொல்ற?"

"நெல்லால. நெல்லாலதானே சறுக்கின?"

அக்கரைப்பற்றில் டயரில் எழுதியபடி காற்று நிரப்பினேன். சைக்கிள் நிமிர்ந்தது, ஆட்டம் நின்றது. ஆனால் காலையில் அவ்வளவு தூரம் மடிந்து மடிந்து ஓடியதில் விலா உள்ளுக்குள் ஏற்கனவே செத்துப்போயிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. கோமாரிக்குக் கிட்ட, இருபுறமும் பற்றைக்காடு மட்டும் இருந்த நேர்த் தெருவில், துவக்கு வெடித்த சத்தம்போல் ஒன்று கேட்டது. பின்புறம் தரையில் இருந்தது. மெதுவாக ஓடியபடியால் நிறுத்த முடிந்தது. இறங்கிப் பார்த்தேன். விலாவில் என் கை நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. உள்ளே நூல்கள் அறுந்து மயிர்போல் தொங்கின.

காலையில் இதே இடத்தால்தான் அவளைக் கூட்டிப் போனேன். தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் வந்தபோது எழுந்து கைகாட்டக்கூட முடியவில்லை. சாரதியே நிறுத்தினார்; சைக்கிளைப் பற்றையோரம் விட்டுவிட்டு ஏறினேன்.

நான் தனியாக, நடந்து, சைக்கிளும் இல்லாமல் வருவதைக் கண்டதும் மாமி கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. முற்றத்துக்கே வந்தார். "என்ட புள்ள எங்க?" என்றார். அவர் என்னிடம் நேரே கேட்ட முதல் கேள்வி அது.

"இரிக்கா மாமி. ரெண்டு பேரும் இரிக்காங்க."

மற்றதையெல்லாம் பிறகு சொன்னேன். நெல்லால் சறுக்கியது என்றுதான் சொன்னேன். தாய் வீட்டில் பேறு இல்லை என்பதற்கு அவர் ஒரு வார்த்தை மறுத்துக் கதைக்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸுக்குப் பானை சட்டியோடு போய் நின்றார். பஸ் ஆகாது என்று அத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தவர்.

மகள் பிறந்தாள். குறைமாதம் இல்லை, குறை ஒன்றும் இல்லை. குளிப்பாட்டிக் கையில் எடுத்த மாமி, நான் பக்கத்தில் நிற்பதைத் தெரிந்துகொண்டு பிள்ளையிடம் சொன்னார்.

"உங்கட வாப்பாட்டச் சொல்லு மகள், அண்டைக்குக் காத்தை இறக்கின படியாத்தான் நீ தப்பினாய் எண்டு."

மனைவி என்னைப் பார்த்தாள். "ஓம் மாமி" என்றேன்.

பேறு முடிந்து நாற்பது நாள் கழித்து அவர்களைப் பொத்துவிலுக்குக் கூட்டிப் போன அன்று பஸ்தான். பானை சட்டியெல்லாம் மேலே ஏற்றியாகிவிட்டது. மாமியும் மனைவியும் பிள்ளையோடு உள்ளே இடம்பிடித்துவிட்டார்கள். நான் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். இரட்டைச் சில்லில் உள்டயர் நூல் தெரியத் தேய்ந்திருந்தது.

"என்ன மாஸ்டர், பஸ்ஸை வாங்கப் போறீங்களா?" என்றார் கொண்டக்டர்.

"இந்த டயரில பொத்துவில் போகேலுமா?"

"நேத்தும் போனது. முந்தா நாளும் போனது. நீங்க வந்து குனிஞ்சு பாக்கிறீங்க எண்டு அதுக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

உள்ளே போய் இறங்கச் சொன்னேன். மாமி மகளைப் பார்த்து, "இந்த மனிசனுக்கு என்ன வந்தது?" என்றார். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே இறங்கினாள். பானை சட்டியை இறக்கும்வரை கொண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அந்த பஸ் போயிற்று. வெயில் ஏறிற்று. பிள்ளை அழுதது. மாமி விசிறினார்.

நெடுநேரம் கழித்து அடுத்த பஸ் வந்தது. அதன் டயர்களும் பெரிதாக நல்லவை இல்லை. வேறு பஸ்ஸும் இல்லை. ஏறினோம். இருக்க இடம் இருந்தது. பொத்துவில் வரும்வரை நான் உட்காரவில்லை.